பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குவோம்! (இன்டேக் மேனிபோல்டு – ஒரு பார்வை)

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் டிப்ளமோ



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, எனக்குக் கவிதை வராது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "கவிதைக்கு நிறைய ஆள் இருக்கு, நீ எஞ்சினைப் பத்தி எழுது" என்றார். அதனால் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தையே பாடமாக எழுதுகிறேன். இதில் தவறு செய்தவன் நான்தான். அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊர் குத்துக்கல்வலசை. அப்பா ஒரு பழைய மஹிந்திரா ஜீப்பை வைத்திருக்கிறார். பின்பக்கம் தொட்டி கட்டி பிக்கப்பாக மாற்றிய வண்டி, என்னைவிட வயதில் மூத்தது, பெட்ரோல் எஞ்சின். தென்னங்கன்று, மாங்கன்று, எரு மூட்டை இவைதான் லோடு. குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டைப் பக்கம் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் இறக்குவார். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் ஓட்டம் என்பதால் பெட்ரோல் வண்டி கட்டுப்படியாகிறது. டீசல் எஞ்சின் மாற்ற எங்களிடம் பணமும் இல்லை.

போன சாரல் சீசனுக்கு முன்னால் வண்டியின் இழுவை குறைந்துவிட்டது. ஐடிலில் நிற்காமல் குலுங்கியது. புளியரை ஏற்றத்தில் கன்று லோடோடு ஏறும்போது முதல் கியருக்கு வந்துவிட்டது. அப்போதுதான் பழைய பாகங்கள் விற்கும் ஒருவர், "134 எஞ்சினுக்கு அலுமினிய மேனிபோல்டு இருக்கு, மாட்டினா சும்மா பிச்சுக்கிட்டு போகும்" என்று சொல்லிப் படம் காட்டியிருக்கிறார். விலை 14,000 ரூபாய். அப்பா என்னிடம், "எய்யா, நீ படிக்கிற புள்ள. பாத்துச் சொல்லு, வாங்கலாமா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருவன்தான். அப்பா அப்படிக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எஞ்சின் 134 கன அங்குலம், போர் 79.4 மி.மீ., ஸ்ட்ரோக் 111.1 மி.மீ., எல்லாம் பொருந்துகிறது, வாங்கலாம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் கம்மலை அடகு வைத்து 4,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார்கள். வாசலில் நின்ற வண்டியின் பானெட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பாடம்.

1. மேனிபோல்டின் வேலை என்ன?

ஊர்ப்பக்கம் மேனிபோல்டு என்றால் சைலன்சர் குழாய் வந்து சேரும் இடத்தைத்தான் சொல்வார்கள். அது எக்ஸாஸ்ட் மேனிபோல்டு. நாம் பேசப்போவது இன்டேக் மேனிபோல்டு. கார்புரேட்டரிலிருந்து வரும் காற்று - பெட்ரோல் கலவையை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் குழாய் இது. வயலுக்கு வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுவது போலத்தான். கடைமடைக்குத் தண்ணீர் போகாவிட்டால் அந்த வயல் காயும். அதுபோல ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைந்தால் அது சரியாக எரியாது, எஞ்சின் குலுங்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்று வாயு, பெட்ரோலோ சிறு துளிகளாக வருகிறது. குழாயில் வேகம் குறைந்தாலோ குழாய் குளிர்ந்து இருந்தாலோ துளிகள் சுவரில் படிந்து ஓடத் தொடங்கிவிடும். எனவே பெட்ரோல் எஞ்சினின் மேனிபோல்டுக்கு வேகமும் வேண்டும், கொஞ்சம் சூடும் வேண்டும். சூடு அதிகமானாலும் ஆபத்து. சூடான காற்று விரிந்து அடர்த்தி குறையும், சிலிண்டருக்குள் போகும் கலவையின் எடை குறையும், சக்தியும் குறையும்.

டீசல் எஞ்சினில் மேனிபோல்டு வழியாகக் காற்று மட்டுமே போகிறது. டீசலை இன்ஜெக்டர் நேராக உள்ளே பீய்ச்சுகிறது. அதனால் துளி படியும் பிரச்சினை கிடையாது. சாதாரணமாக த்ராட்டில் வால்வும் இல்லாததால் மேனிபோல்டில் சொல்லும்படியான வேக்குவமும் இருக்காது. வேக்குவத்தில் இயங்கும் பிரேக் பூஸ்டர் உள்ள டீசல் வண்டிகளில் தனியாக வேக்குவம் பம்ப் வைத்திருப்பதை ஒர்க் ஷாப்பில் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். ஆகவே பெட்ரோலுக்குச் சொல்லும் விதியை அப்படியே டீசலுக்குச் சொல்லக் கூடாது.

2. குழாய் பெரிதானால் இழுவை கூடுமா?

கடையில் சொல்வார்கள், "பெரிய வாய், நிறைய காத்து, நிறைய பவர்" என்று. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எங்கள் எஞ்சின் 2,199 சி.சி. 2,000 ஆர்.பி.எம்.மில் பிஸ்டனின் சராசரி வேகம் = 2 × 0.1111 × 2000 ÷ 60 = வினாடிக்கு 7.4 மீட்டர். பிஸ்டன் இழுக்கும் காற்று ஒரு சிறிய குழாய் வழியாக வர வேண்டும். குழாயில் வேகம் = பிஸ்டன் வேகம் × (போர் ÷ குழாய் விட்டம்)². உதாரணத்துக்கு இரண்டு குழாய்களை எடுத்துக்கொள்வோம்.

32 மி.மீ. குழாய்: 7.4 × (79.4 ÷ 32)² = வினாடிக்குச் சுமார் 46 மீட்டர்.

40 மி.மீ. குழாய்: 7.4 × (79.4 ÷ 40)² = வினாடிக்குச் சுமார் 29 மீட்டர்.

விட்டம் 8 மி.மீ. கூடியதும் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்துவிட்டது. 4,000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் பெரிய குழாயிலும் 58 மீட்டர் வேகம் வந்துவிடும், அங்கே அது நல்லதுதான். ஆனால் லோடு வண்டி ஏற்றத்தில் 1,500, 2,000 ஆர்.பி.எம்.மில்தான் மூச்சு வாங்குகிறது. அங்கே பெரிய குழாய் போட்டால் கலவை மந்தமாகி, துளி படிந்து, இழுவை இன்னும் குறையும். பந்தயக் காருக்கு நல்லது பார வண்டிக்குக் கெட்டதாக முடியும்.

கார்புரேட்டர் அளவுக்கும் இதே கணக்குதான். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை நிரம்புகிறது. 4,000 ஆர்.பி.எம்.மில் 2.199 × 4000 ÷ 2 = நிமிடத்துக்கு 4,398 லிட்டர். வால்யூமெட்ரிக் எபிஷியன்சி 75 சதவீதம் என்று வைத்தால் சுமார் 3,300 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 117 கன அடி. அமெரிக்க வி-8 எஞ்சினுக்கு மாட்டும் 600 கன அடி கார்புரேட்டரை இதற்கு மாட்டினால் என்ன ஆகும்? சின்னக் குழந்தைக்கு அப்பாவின் செருப்பை மாட்டிவிட்ட கதைதான்.

3. குழாயின் நீளம்

வால்வு திறந்து பிஸ்டன் இழுக்கும்போது குழாயில் ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. அது குழாயின் திறந்த முனைவரை போய்த் திரும்பி வருகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன் அது திரும்பி வந்து சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளிவிடும். இதைத்தான் டியூன்டு இன்டேக் என்கிறோம்.

கரடுமுரடாக ஒரு கணக்கு. அலை போய்த் திரும்ப கிராங்க் 90 டிகிரி சுற்றும் நேரம் என்று வைத்துக்கொள்வோம். 6,000 ஆர்.பி.எம்.மில் அந்த நேரம் 2.5 மில்லி வினாடி. ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர் என்றால் போக வர 85 செ.மீ., குழாய் 42 செ.மீ. போதும். 2,000 ஆர்.பி.எம்.மில் நேரம் 7.5 மில்லி வினாடி, குழாய் 127 செ.மீ. வேண்டும். நான்கு அடிக்கு மேல்! ஜீப்பின் பானெட்டுக்குள் அதை எங்கே சுருட்டி வைப்பது? ஆகவே மெதுவாக ஓடும் பழைய எஞ்சினுக்கு "டியூன் செய்த மேனிபோல்டு" என்று யாராவது விற்றால் கையில் அளவு டேப்பை எடுங்கள்.

4. வெளிநாட்டில் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

அமெரிக்காவில் பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் மேனிபோல்டு மாற்றுவது சகஜம். விக் எடெல்பிராக் என்பவர் 1938இல் ஃபோர்டு பிளாட்ஹெட் வி-8 எஞ்சினுக்கு "ஸ்லிங்ஷாட்" என்ற மேனிபோல்டைச் செய்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய எடெல்பிராக் கம்பெனி. அங்கே வி-8 எஞ்சினுக்கு முக்கியமாக இரண்டு வகை உண்டு. டூயல் பிளேன் வகையில் வழிகள் இரண்டு தளமாகப் பிரிந்து, ஒவ்வொரு தளமும் நான்கு சிலிண்டருக்குக் கலவை கொடுக்கும். குறைந்த, நடுத்தர வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும். சிங்கிள் பிளேன் வகையில் எல்லாச் சிலிண்டருக்கும் நடுவில் ஒரே அறை. அதிக ஆர்.பி.எம்.மில்தான் அதன் பலன் தெரியும். லோடு இழுக்கும் பிக்கப்புக்கு டூயல் பிளேன்தான் சரி.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்: அவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு பவர்?" என்றல்ல, "எந்த ஆர்.பி.எம்.மில் ஓட்டுகிறாய்?" என்று. அங்கே ஒரே எஞ்சின் லட்சக்கணக்கில் ஓடியதால் தேர்ந்தெடுக்கப் பல மேனிபோல்டுகள் இருக்கின்றன. நமக்கு அப்படி இல்லை.

5. நான் செய்த தவறு

இப்போது கதைக்கு வருவோம். முன்பணம் கொடுத்த மறுநாள், எஞ்சின் லேபில் வெட்டி வைத்திருக்கும் மாடலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வால்வு எங்கே இருக்கிறதோ அங்கேதான் மேனிபோல்டு வந்து சேரும் என்று சார் ஏற்கெனவே சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. எங்கள் வண்டியில் வால்வு எங்கே? தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு ஓடிப்போய் பானெட்டைத் தூக்கினேன். எக்ஸாஸ்ட் மேனிபோல்டு பிளாக்கின் பக்கத்தில் இருந்தது. இன்டேக் மேனிபோல்டு மட்டும் காணவில்லை! கார்புரேட்டர் நேராகச் சிலிண்டர் ஹெட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

விஷயம் இதுதான். ஜீப்பில் 134 கன அங்குல எஞ்சின் இரண்டு வகை உண்டு.

முதலாவது எல்-ஹெட். இரண்டாம் உலகப் போர் ஜீப்பில் வந்த "கோ டெவில்" எஞ்சின் இது, 60 குதிரைத்திறன். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வுகளும் பிளாக்கிலேயே இருக்கும். இன்டேக் மேனிபோல்டு தனிப் பாகமாக, எக்ஸாஸ்ட் மேனிபோல்டோடு சேர்த்துப் பிளாக்கின் பக்கத்தில் போல்ட் போடப்பட்டிருக்கும். எக்ஸாஸ்ட் சூடுதான் கலவையைச் சூடாக்கும்.

இரண்டாவது எஃப்-ஹெட், "ஹரிகேன்" எஞ்சின். அமெரிக்காவில் 1950இல் வந்தது. அதே போர், அதே ஸ்ட்ரோக். ஆனால் இன்டேக் வால்வை மட்டும் ஹெட்டுக்குத் தூக்கிவிட்டார்கள், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே தங்கிவிட்டது. இதனால் இன்டேக் வால்வைப் பெரிதாக வைக்க முடிந்தது, சக்தி 70 குதிரைத்திறனைத் தாண்டியது. எஞ்சின் உயரமாகிவிட்டதால் 1953இல் வந்த சிஜே-3பி ஜீப்பின் பானெட்டையும் உயர்த்தினார்கள். நம் நாட்டில் மஹிந்திரா பல்லாண்டு செய்த உயரமான மூக்கு ஜீப் அந்த மாடல்தான். இங்கிலாந்தில் 1948இல் வந்த முதல் லேண்ட் ரோவரிலும் இதே போன்ற வால்வு அமைப்புதான்.

எஃப்-ஹெட்டில் இன்டேக் மேனிபோல்டு தனியாகக் கிடையாது. சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்த்திருக்கிறார்கள். அதைச் சுற்றி வாட்டர் ஜாக்கெட். கூலிங் தண்ணீரின் சூடே கலவைக்குப் போதும், எக்ஸாஸ்ட் சூடு வேண்டியதில்லை. அதாவது, நாங்கள் 14,000 ரூபாய்க்கு வாங்க இருந்த பாகம் எல்-ஹெட்டுக்கு உரியது. எங்கள் எஞ்சினில் அதை மாட்ட இடமே இல்லை!

அப்பாவிடம் சொல்ல எனக்கு ராத்திரி முழுக்கத் தைரியம் வரவில்லை. காலையில் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நானும் சைலன்சர் பக்கத்து மேனிபோல்டுன்னுல்லா நெனச்சேன்" என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் இட்லியை எடுத்து வைத்தாள். காதில் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். அதைப் பார்த்தபின் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். நீங்கள்தானே கேட்டீர்கள் என்றார். கடைசியில் 1,500 ரூபாய்க்குக் கேஸ்கெட் செட்டும் கார்புரேட்டர் ரிப்பேர் கிட்டும் கொடுத்தார். மீதி 2,500 ரூபாய் போனது போனதுதான்.

6. உண்மையான கோளாறு

எங்கள் ஊர் ஒர்க் ஷாப் அண்ணாச்சி எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவர் கேட்ட முதல் கேள்வியே, "வேக்குவம் பாத்தியாடே?" என்பதுதான். சாரிடம் அனுமதி கேட்டு லேபிலிருந்து வேக்குவம் கேஜ் வாங்கி வந்தேன். நல்ல நிலையில் உள்ள எஞ்சின் ஐடிலில் சுமார் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்ட வேண்டும், முள் ஆடாமல் நிற்க வேண்டும். எங்கள் வண்டியில் முள் ஆடவில்லை, ஆனால் 12இல் நின்றது. முள் ஆடாமல் குறைவாக நின்றால் ஒன்று காற்று எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது, அல்லது இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறது. டைமிங்கைப் பார்த்தோம், சரியாக இருந்தது.

பிறகு ஐடிலில் ஓடவிட்டு, கார்புரேட்டர் அடிப்பக்கம் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தோம். ஒரு மூலையில் பட்டதும் எஞ்சின் சத்தம் மாறியது. (சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது.)

கார்புரேட்டரைக் கழற்றி, அடி ஃபிளேஞ்சில் ஸ்டீல் ரூலை நிறுத்தி ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தோம். நடுவில் 0.20 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தது. யாரோ எப்போதோ நட்டை அளவுக்கு மீறி முறுக்கியதில் இரண்டு காதும் வளைந்து நடுப்பகுதி தூக்கிவிட்டது. அந்த இடுக்கு வழியாகக் காற்று நுழைந்து கலவையை நீர்த்துப்போகச் செய்திருக்கிறது. இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். அதுவே கலவையைச் சற்று நீர்க்கச் செய்யும், பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். இரண்டும் சேர்ந்துகொண்டன.

கண்ணாடித் தகட்டின் மேல் எமரி ஷீட்டை விரித்து, ஃபிளேஞ்சை எட்டு வடிவத்தில் மெதுவாகத் தேய்த்துச் சமமாக்கினோம். தூள் போகக் கழுவி, புதுக் கேஸ்கெட் போட்டு, நட்டுகளை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஒரே அளவாக முறுக்கினோம். கேஜ் 18 காட்டியது. ஐடில் ஸ்க்ரூவைச் சரிசெய்ததும் வண்டி குலுங்காமல் நின்றது. புளியரை ஏற்றத்தில் இப்போது இரண்டாம் கியரில் ஏறுகிறது.

7. வாங்குவதற்கு முன் ஆறு கேள்விகள்

அ) கோளாறு இல்லை என்று உறுதி செய்தாயா? கம்ப்ரெஷன், டைமிங், ஏர் கிளீனர், வேக்குவம் நான்கையும் பார்த்தபின்தான் புதுப் பாகம் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆ) எஞ்சின் எந்த வகை? சி.சி.யும் போரும் போதாது. வால்வு எங்கே, போர்ட் எங்கே, மேனிபோல்டு தனியா, ஹெட்டோடு வார்த்ததா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

இ) வண்டி எந்த ஆர்.பி.எம்.மில் வேலை செய்கிறது? பாரம் இழுப்பதற்கு வேகம் தரும் சிறிய குழாய், ஓட்டத்துக்குப் பெரிய குழாய்.

ஈ) கலவைக்குச் சூடு எங்கிருந்து வருகிறது? எக்ஸாஸ்டிலிருந்தா, தண்ணீரிலிருந்தா? புது மேனிபோல்டில் அந்த வழி இருக்கிறதா?

உ) பொருந்துமா? பழைய கேஸ்கெட்டைக் கையோடு எடுத்துப்போய் ஃபிளேஞ்சின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். போல்ட் துளை, போர்ட் வடிவம், பானெட் உயரம், ஆக்சிலரேட்டர் ராட், வேக்குவம் எடுக்கும் துளை எல்லாம் ஒத்துவர வேண்டும்.

ஊ) செலவுக்கு ஏற்ற பலன் உண்டா? அந்தப் பணத்தில் வால்வு லேப்பிங் செய்து, கார்புரேட்டரைப் புதுப்பித்தாலே போதுமா? எஞ்சினையே மாற்றுவது என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டிலேயே முதன்முதலில் படிக்க வந்தவர்கள். நாம் ஒரு வார்த்தை சொன்னால் வீட்டில் அதை நம்பி நகையை அடகு வைக்கிறார்கள். புத்தகத்தில் உள்ள எண் எனக்குத் தெரிந்திருந்தது, அது பொய்யும் அல்ல. ஆனால் பத்தடி தூரத்தில் நின்ற வண்டியை நான் பார்க்கவில்லை. "தெரியலப்பா, பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தால் 2,500 ரூபாய் மிஞ்சியிருக்கும். படித்தவன் அப்படிச் சொல்லலாமா என்ற வெட்கம்தான் என்னைச் சொல்லவிடவில்லை.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சியின் ஒர்க் ஷாப்பில் வேலை செய்தேன். அந்தக் கூலியும், சீசனில் அப்பாவுக்குக் கிடைத்த கன்று லோடு வாடகையும் சேர்த்து ஆவணி மாதம் கம்மலைத் திருப்பிவிட்டோம். போன வாரம் அப்பா டயர் வாங்க வேண்டும் என்றார். "எய்யா, எது வாங்கலாம்?" என்று மறுபடியும் என்னைத்தான் கேட்டார். நான் முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து, பழைய டயரில் உள்ள அளவை நோட்டில் எழுதிக்கொண்டேன்.